முந்திரியும் பாஸ்போர்ட்டும்: சுற்றுலா மாணவர்களுக்குப் பணியிட ஆங்கிலப் பாடத்திட்டம் அமைப்பது எப்படி?

வெஜிடபிள் குருமாவில் முந்திரி இருக்கிறதா என்று கெஸ்ட் கேட்கிறார். ஆர்டர் எடுக்கும் பயிற்சி மாணவருக்கு 'கேஷ்யூ' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுகிறது. முந்திரி வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, சும்மா விசாரிக்கிறாரா என்று பிடிபடவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல் "நோ ப்ராப்ளம் சார்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி. எழுதப் போய்விடுகிறார். கேட்டவருக்கு முந்திரி ஒவ்வாமை இருந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும்.

அந்த மாணவர் ஆங்கிலத்தில் தோற்றவர் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பிலும் கல்லூரியின் இரண்டு செமஸ்டர்களிலும் ஆங்கிலத் தாளில் பாஸ் ஆனவர்தான். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார், செயப்பாட்டு வினைக்கு மாற்றுவார், ஒரு கவிதையின் மையக்கருத்தை அரைப் பக்கத்துக்கு எழுதுவார். அந்த மேஜையருகில் அவருக்குத் தேவைப்பட்டது மூன்றே வாக்கியம். உங்களுக்கு முந்திரி ஒவ்வாமையா என்று திருப்பிக் கேட்பது ஒன்று. சமையலறையில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்பது இன்னொன்று. திரும்பி வந்து "இதில் முந்திரி விழுது இருக்கிறது, இந்த இரண்டு அயிட்டத்தில் இல்லை" என்று சுற்றி வளைக்காமல் சொல்வது மூன்றாவது. மூன்றும் எந்த செமஸ்டரிலும் வரவில்லை.

பணியிட ஆங்கிலம் என்று தனியாக ஒன்றைப் பேசுவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். மொழியியல் வட்டாரத்தில் இதைக் குறிப்பிட்ட நோக்கத்துக்கான ஆங்கிலம் என்பார்கள். ஆங்கிலம் முழுவதையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. இந்த வேலையில் இருப்பவர், இந்த ஆட்களிடம், இந்த இடத்தில், எதைச் செய்து முடிக்க ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டு, விடையிலிருந்து பின்னோக்கி வந்து பாடம் அமைப்பது. பொது ஆங்கில வகுப்பு இலக்கணப் பட்டியலில் தொடங்கும். இது வேலையில் தொடங்கும்.

இந்தச் சிந்தனை அதிகம் வேரூன்றியது ஆபத்தான தொழில்களில். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு நிலைகள் கொண்ட ஆங்கில அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. பன்னாட்டு வழித்தடங்களில் பறக்கும் விமானிகளும், அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டு அறைக்காரர்களும் குறைந்தது நான்காம் நிலையில் இருக்க வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கப்பல்காரர்களுக்கும் நிலையான தொடர்கள் அடங்கிய ஒரு தொகுப்பை சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றது. இரண்டிலும் ஒரு வசதி உண்டு. பேசுபவர், கேட்பவர் இருவருமே அதே தொடர்களைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

சுற்றுலாவில் அந்த வசதி இல்லை. ரிசப்ஷனிஸ்ட் படித்துவிட்டு வருவார், கெஸ்ட் எதையும் படித்துவிட்டு வருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் பறந்த களைப்பிலும், சூட்கேஸ் தொலைந்த எரிச்சலிலும், கைக்குழந்தையின் அழுகைக்கு நடுவிலும் தனக்கு வாய்க்கு வந்த ஆங்கிலத்தில் பேசுவார். ஆகவே 'ஹோட்டலில் பேச நூறு வாக்கியங்கள்' என்று மனப்பாடப் புத்தகம் கொடுத்தால் மாணவர் கையில் பாதி உரையாடல்தான் இருக்கும். மறுபாதி யார் கையிலும் இல்லை. கடைகளில் கிடைக்கும் ஹோட்டல் ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன என்பது என் கருத்து.

தேவையை யாரிடம் கேட்பது?

பாடத்திட்டம் அமைப்பவரின் முதல் வேலை தேவைப் பகுப்பாய்வு. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. இந்தத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு பகுப்பை டாம் ஹட்சின்சன், ஆலன் வாட்டர்ஸ் இருவரும் 1987-ல் முன்வைத்தார்கள். வேலைக்கு அவசியமானது எது, மாணவரிடம் இல்லாதது எது, மாணவர் விரும்புவது எது என்று தேவையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது. மூன்றும் ஒத்துப்போகாது என்பதுதான் இந்தப் பகுப்பின் பயன்.

ஹோட்டல் மேலாளரிடம் போய் உங்களுக்கு எப்படிப்பட்ட ஆங்கிலம் வேண்டும் என்று கேளுங்கள். "ஃப்ளூயன்ட்டா பேசணும், கான்ஃபிடன்ஸ் வேணும்" என்பார். இதை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பைக்கூடத் திட்டமிட முடியாது. கேள்வியை மாற்ற வேண்டும். போன வாரம் உங்கள் ஸ்டாஃப் பேசியதில் எந்தப் பேச்சு பிரச்சினையாகி உங்கள் காதுவரை வந்தது? புதிதாகச் சேர்ந்தவரை எந்த வேலைக்கு மட்டும் தனியாக அனுப்ப மாட்டீர்கள்? இப்படிக் கேட்டால் கதை கதையாக வரும். ரூம் ரெடி ஆகவில்லை என்பதைச் சொல்லத் தெரியாமல் கெஸ்ட்டை முக்கால் மணி நேரம் லாபியில் உட்கார வைத்தது, ஏசி ரிப்பேருக்கு வருபவர் 'நவ்' என்று சொல்லிவிட்டு மாலையில் போனது, ஏர்போர்ட் பிக்கப்புக்கு நாலு மணி என்றதைப் பிற்பகல் நாலு என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

மேலாளரைவிட நல்ல தகவல் கிடைக்குமிடம் சீனியர் மாணவர்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்புகளில் மாதக்கணக்கில் தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போய் வந்தவர்களை உட்கார வைத்து, எங்கே வாயடைத்து நின்றீர்கள் என்று கேட்டால் போதும். இந்தக் கூட்டத்தைத் தமிழிலேயே நடத்துங்கள். ஆங்கிலத்தில் திணறிய கதையை ஆங்கிலத்திலேயே சொல்லச் சொன்னால் பாதிக் கதைதான் வெளியே வரும்.

மூன்றாவது ஆதாரம் காகிதங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு, டூர் வவுச்சர், பயணத்திட்டம், மெனு, ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புக், இணையத்தில் கெஸ்ட்கள் எழுதும் விமர்சனங்கள், அவற்றுக்கு ஹோட்டல் எழுதும் பதில்கள். டிரைவரும் கெஸ்ட்டும் பரிமாறும் வாட்ஸ்அப் செய்திகளும் இந்தக் கணக்கில் சேரும். "கேட் நம்பர் டூ, ஒயிட் இன்னோவா, டென் மினிட்ஸ்" என்பதுதான் இன்று சுற்றுலாத் துறையின் எழுத்து ஆங்கிலம். அலுவலகக் கடிதம் அல்ல. கிடைத்த தாள்களில் பெயர், பாஸ்போர்ட் எண், போன் எண் ஆகியவற்றை அழித்துவிட்டே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். லாபியில் உட்கார்ந்து கவனிக்க அனுமதி கிடைத்தாலும் கெஸ்ட்டின் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யக் கூடாது. நோட்டில் குறித்துக்கொண்டாலே தேவையானது கிடைத்துவிடும்.

இனி மாணவரின் விருப்பம். அது பெரும்பாலும் இன்டர்வியூ. துபாய் ஹோட்டல், க்ரூஸ் கப்பல், ஏர்லைன் கேபின் க்ரூ. இதை அற்ப ஆசை என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். இன்டர்வியூவில் "ஒரு கெஸ்ட் கோபமாகக் கத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள், அதற்கு விடை சொல்ல, கோபமான கெஸ்ட்டை வகுப்பில் சமாளித்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசி சில மணி நேரத்தை இன்டர்வியூவுக்கு ஒதுக்கிவிட்டால் முன்னால் நடத்தியவை எல்லாம் அங்கே பயன்படும்.

எதை விடுவது?

வாரத்துக்கு நாலு மணி நேரம், பதினைந்து வாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு 60 மணி நேரம். அதில் தேர்வு, விடுமுறை, கல்லூரி விழா என்று ஒரு பகுதி கரையும். தேவைப் பட்டியலில் நாற்பது ஐம்பது சூழல்கள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் ஒன்றும் நிற்காது. சரியாக அமைத்த பாடத்திட்டத்தை அதில் எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

தேர்ந்தெடுக்க இரண்டு கேள்வி போதும். இந்தச் சூழல் எவ்வளவு அடிக்கடி வருகிறது? இதில் தவறினால் என்ன ஆகும்? வரவேற்பு வாசகம் நாளுக்கு முப்பது தடவை வரும், தவறினால் ஒன்றும் குடிமுழுகாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அந்தந்த ஹோட்டலின் வாசகத்தை அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் நம் வகுப்புகளில் அதிக நேரம் தின்பது இதுதான். கைகூப்பி, தலைசாய்த்து, "வெல்கம்" சொல்லி, மூன்று வகுப்பு ஓடிவிடும். நடத்த சுலபம், பார்க்கவும் அழகு.

எதிர் முனையில் இருப்பவை, அபூர்வமாக வந்து பெரிய சேதம் செய்பவை: உணவு ஒவ்வாமை, நெஞ்சுவலி, தீ அலாரம், தொலைந்த பாஸ்போர்ட், கடலில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கை. இவற்றுக்கு நேரம் ஒதுக்கியே தீர வேண்டும், ஏனென்றால் அந்தச் சமயத்தில் பக்கத்தில் சீனியர் இருப்பார் என்று சொல்ல முடியாது. இவற்றில் பேச்சு நடையும் மாறுகிறது. மற்ற நேரத்தில் குழைவாகப் பேசக் கற்றவர் இங்கே சுருக்கமாக, கட்டளையாகப் பேச வேண்டும். அலாரம் அடிக்கும்போது "உங்களால் முடிந்தால் தயவுசெய்து" என்று இழுக்கக் கூடாது. "லிஃப்ட் வேண்டாம், படியில் வாங்க" என்ற அளவில் முடிய வேண்டும். இரண்டு நடையையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்சி கொடுத்தால் வித்தியாசம் தானாகவே பதியும்.

துறைக்குத் துறை கணக்கு வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. சமையலறையில் இருப்பவருக்கு ஆர்டர் காதில் சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர் கதவருகில் ஒரு நிமிடம் பேசுவார். ரிசர்வேஷனில் இருப்பவர் முகம் பார்க்காமல் போனில் பத்து நிமிடம் பேசுவார், அதையே மின்னஞ்சலில் உறுதி செய்வார். வழிகாட்டியோ மணிக்கணக்கில் பேச வேண்டும். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான மொழித்திறன் அளவுகோல் இங்கே உதவும். மாணவரை மொத்தமாக 'பி1' என்று முத்திரை குத்துவதற்கு அல்ல. இந்த வேலைக்குக் கேட்டல் எந்த நிலை வேண்டும், எழுத்து எந்த நிலை போதும் என்று தனித்தனியாக நிர்ணயிப்பதற்கு.

ஒரு பாடத்தைக் கட்டிப் பார்ப்போம்: செக்-இன்

வெளிநாட்டு கெஸ்ட் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது விடுதியின் பொறுப்பு. ஹோட்டல்காரர்கள் இதை 'சி ஃபார்ம்' என்பார்கள். பாஸ்போர்ட், விசா, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் வேண்டும். இதைக் கேட்கும் மாணவரின் வாயிலிருந்து பொதுவாக வருவது: "கிவ் பாஸ்போர்ட். வேர் யூ கேம் ஃப்ரம்? வேர் யூ கோயிங்?" புரிகிறது, ஆனால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது.

மாணவர் முரட்டு ஆசாமி அல்ல. தமிழில் அவர் "பாஸ்போர்ட் குடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். கடைசியில் ஒட்டும் 'ங்க' மரியாதையைச் சுமந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது அந்த ஒட்டு விழுந்துவிடும், கட்டளை மட்டும் மிஞ்சும். ஆங்கிலத்தில் மரியாதை வினைமுற்றில் இல்லை. "குட் ஐ..." (Could I), "மே ஐ..." என்று கேள்வியாகத் திருப்புவதிலும், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்வதிலும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் 'பி பொலைட்' என்று போர்டில் எழுதி வைத்தால் மாணவர் எல்லா வாக்கியத்துக்கும் ஒரு 'ப்ளீஸ்' ஒட்டுவார். "கிவ் பாஸ்போர்ட் ப்ளீஸ்" அவ்வளவாக மேம்பாடு இல்லை.

இப்போது செக்-இன்னை அதன் கண்ணிகளாகப் பிரிப்போம். வரவேற்பு, புக்கிங்கைத் தேடுதல், பாஸ்போர்ட் கேட்டல், ஏன் என்று சொல்லுதல், பயண விவரம் கேட்டல், அட்வான்ஸ், அறை எண், காலை உணவு நேரம், லக்கேஜ். இந்தச் சங்கிலி எங்கெல்லாம் அறும்? புக்கிங் கண்ணில் படவில்லை. இரட்டைக் கட்டில் கேட்டவருக்கு இரண்டு தனிக் கட்டில் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறார், அறை பகலில்தான் கிடைக்கும். கண்ணிகளைப் படிப்பது அரை வகுப்பு. அறும் இடங்களில்தான் மீதி நேரம் போக வேண்டும்.

வகுப்பில் இரண்டு அட்டை தயார் செய்யுங்கள். ரிசப்ஷனிஸ்ட் அட்டையில் அறை நிலவரம். கெஸ்ட் அட்டையில் அவர் பெயர், பயணம், கூடவே ஒரு வில்லங்கம். ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. அப்போதுதான் பேசித் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வரும். இரண்டு பேரும் ஒரே உரையாடலை வைத்துப் படித்தால் அது நாடக ஒத்திகை.

வரிசையும் முக்கியம். வழக்கமாக முதலில் வாக்கியங்களைப் படிப்பித்து, கடைசியில் நேரமிருந்தால் நடித்துக்காட்டச் சொல்வோம். இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். முதலில், தெரிந்த ஆங்கிலத்தை வைத்து முயலட்டும். எங்கே முட்டுகிறது என்று அவர்களே உணரட்டும். அதன் பிறகு தேவையான மொழியைக் கொடுங்கள், பிறகு அதே வேலையை வேறு அட்டையோடு மறுபடி செய்யட்டும். முட்டிய பிறகு கேட்கும் வாக்கியம் தங்கும். இந்த ஒரு பாடத்துக்குள்ளேயே இலக்கணமும் வந்துவிடுகிறது: மறைமுகக் கேள்வி, எதிர்காலம், எண்கள், தேதி. 04/05 என்று எழுதினால் ஒருவருக்கு மே நாலு, அமெரிக்கருக்கு ஏப்ரல் ஐந்து. மாதத்தைச் சொல்லாகவே சொல்லிப் பழக வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டி வாங்கத் தெரியாமல் திணறும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நிறையப் பேர். பள்ளியோடு முடிந்த விஷயம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேட்கும் காது

நம் ஊருக்கு வருபவர்கள் எல்லாரும் லண்டன்காரர்கள் அல்ல. மாமல்லபுரத்துத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் எல்லாம் காதில் விழும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலை வேலையாக வரும் கொரியர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். ஊட்டி, கொடைக்கானலில் ஒடிசாவிலிருந்து வந்த ரூம் பாய்க்கும் குஜராத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் நடுவில் இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஓடும். பி.பி.சி. உச்சரிப்பை மட்டும் போட்டுக் காட்டிக் காதைப் பழக்கினால் முதல் கொரிய கெஸ்ட்டிடமே மாட்டிக்கொள்வார்கள்.

எல்லா உச்சரிப்பையும் வகுப்பில் கேட்க வைக்க முடியாது. புரியாதபோது என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். நம் மாணவர்களின் இயல்பு, புரியாவிட்டால் தலையாட்டுவது. அந்தத் தலையாட்டல் வெளியூர்க்காரருக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது என்பது தனிக்கதை. "சாரி, ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?" என்று இரண்டு தெரிவைக் கொடுத்துக் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, விரலால் காட்டுவது, எழுதிக் காட்டச் சொல்வது என எல்லாமே மொழித்திறன்தான். திருப்பிக் கேட்டால் நமக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தை உடைப்பதற்கே தனியாக ஒரு வகுப்பு தேவைப்படும். திருப்பிக் கேட்டவருக்கு மதிப்பெண் கூடுதல் என்று அறிவித்துவிட்டால் கூச்சம் சீக்கிரம் போகும்.

பூனை ஏன் நிற்கிறது?

வழிகாட்டிப் பயிற்சியில் மனப்பாடம் பெரிய நோய். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கிறோம். மாணவர் பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு, நீளம், உயரம், அரசன் பெயர் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு கெஸ்ட் கீழே ஒரு மூலையைக் காட்டி "அந்தப் பூனை ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது?" என்கிறார். மாணவர் ஒரு நிமிடம் விழிக்கிறார். பிறகு விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் "திஸ் மான்யுமென்ட்..." என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அந்தப் பூனைதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. தவம் செய்வதாக நடிக்கும் பூனை, அதை நம்பிக் காலடியில் கூடிய எலிகள். சொன்னால் கூட்டமே சிரிக்கும். ஆகவே வழிகாட்டிக்கான பாடத்தை உரையாக அமைக்காமல் கேள்விகளாக அமைக்க வேண்டும். ஒரு சிற்பத்தை வகுப்பில் காட்டி, கெஸ்ட் என்னென்ன கேட்கக்கூடும் என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். குழந்தை என்ன கேட்கும், புகைப்படக்காரர் என்ன கேட்பார், வரலாறு படித்தவர் என்ன கேட்பார். ஒவ்வொரு விடையும் முப்பது நொடிக்குள். கெஸ்ட் முகத்தில் ஆர்வம் தெரிந்தால் அடுத்த முப்பது நொடி.

இங்கே இன்னொரு மொழித் தேவை இருக்கிறது. அந்தப் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய கதையா என்று ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்வார். கல்வெட்டு சொல்வது, ஆய்வாளர்கள் கருதுவது, ஊரில் வழங்கும் கதை ஆகிய மூன்றையும் கலக்காமல் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் தனித்தனித் தொடக்கங்கள் வேண்டும். கூகுள் பார்த்துவிட்டு வரும் கெஸ்ட்டிடம் கதையை வரலாறாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதுவே வழி. "நரசிம்மவர்மன்" என்ற பெயர் வெளிநாட்டவர் மனதில் நிற்காது. "சுமார் 1,350 ஆண்டுகளுக்கு முன்னால்" என்றால் நிற்கும்.

இடையில் நின்று பேச வேண்டிய வேலையும் வழிகாட்டிக்கு உண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சகர் தமிழில் சொல்வதை கெஸ்ட்டுக்கு ஆங்கிலத்தில் சுருக்கித் தர வேண்டும், கெஸ்ட் கேட்பதை அர்ச்சகருக்குப் பதமாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஐரோப்பிய அளவுகோலின் 2020-ஆம் ஆண்டு விரிவாக்கம் இந்த இடைநின்று உணர்த்தும் திறனுக்குப் பல அளவீடுகளைத் தந்திருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பது இதில் சேராது. கருவறைப் பக்கம் பிற மதத்தவருக்கு அனுமதி இல்லை, செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும் என்பதை எல்லாம் கெஸ்ட் அவமானப்படாதபடி சொல்வதும் இதே வேலையின் பகுதி. "நாட் அலவ்ட்" என்று விரல் நீட்டினால் அந்த மதியம் முழுவதும் கெட்டுப்போகும். எதுவரை போகலாம் என்பதை முதலில் சொல்லி, எங்கே முடியாது என்பதைப் பிறகு சொல்லி, அங்கிருந்தே பார்க்கக் கிடைப்பதைக் காட்டிவிட்டால் மறுப்பு கடிக்காது. இதை ஒரு தனிப் பாடமாகவே வைக்கலாம்.

மதிப்பெண் எதற்கு?

பாடம் வேலையைப் பற்றியது என்றால் தேர்வும் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வை நம்மால் மாற்ற முடியாது, அது பல்கலைக்கழகத்தின் கையில். ஆனால் அகமதிப்பீடு ஆசிரியர் கையில் இருக்கிறது. பல கல்லூரிகளில் அது நூற்றுக்கு 25. அந்த மதிப்பெண்களை ஐந்து நிமிட நேர்முகச் செயலுக்குக் கொடுங்கள். மாணவருக்கு ஒரு சூழல், எதிரில் கெஸ்ட்டாக இன்னொரு ஆசிரியர், நடுவில் ஒரு வில்லங்கம்.

எதற்கு மதிப்பெண் என்பதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். காரியம் முடிந்ததா, கொடுத்த தகவல் சரியா, புரியாதபோது கேட்டாரா, கெஸ்ட்டை மதித்துப் பேசினாரா. இலக்கணம் கடைசியில், அதுவும் பொருளைக் கெடுத்தால் மட்டும். "ஹீ கோ ரூம்" என்றால் புரிகிறது, பாதி மார்க் கூடக் குறைக்க மாட்டேன். "யூ கேன் ஈட்" என்பதற்கும் "யூ கான்ட் ஈட்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாதபடி உச்சரித்தால் குறைப்பேன். முந்திரி விஷயத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

வகுப்பில் நிலைகள் கலந்திருக்கும். ஆங்கில வழியில் படித்தவரும், தமிழ் வழியில் படித்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை ஒன்றாக இருக்கட்டும், அட்டையின் கடினத்தை மாற்றுங்கள். ஒருவருக்குக் கட்டில் மாறிய கெஸ்ட், இன்னொருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு மேலாளரைக் கூப்பிடச் சொல்லும் கெஸ்ட். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்தான் இந்த வேலைகளில் முந்துவார் என்றும் இல்லை. சரளமாகப் பேசிக்கொண்டே கெஸ்ட் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுபவர்களும் உண்டு.

ஆசிரியருக்கு ஒரு சங்கடம் இருக்கும். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவருக்கு கே.ஓ.டி. என்றால் கிச்சன் ஆர்டர் டிக்கெட் என்று தெரியாமல் இருக்கலாம், 'நோ-ஷோ' என்றால் புக் செய்துவிட்டு வராமல் போன கெஸ்ட் என்பதும் புதிதாக இருக்கலாம். மாணவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டால் மரியாதை குறைந்துவிடாது. அவர்கள் வேலையை விளக்க, நீங்கள் அதற்கான மொழியைச் சொல்ல, வகுப்பு இயல்பாக நடக்கும். தொழில் பாடம் எடுக்கும் ஆசிரியரோடு செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு மதியம் உட்கார்ந்துவிட்டால் பாதி ஐயம் தீரும். அவர் இந்த மாதம் ரிசர்வேஷன் நடத்துகிறார் என்றால் உங்கள் வகுப்பிலும் போன் பேச்சை வைத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை எழுதிய பாடத்திட்டத்தை ஐந்து வருடம் ஓட்டுவது இந்தத் துறைக்கு ஒத்துவராது. ஒவ்வொரு பேட்ச் பயிற்சிக்குப் போய் வந்ததும் பழைய பட்டியலை எடுத்து, வராத சூழலை அடித்துவிட்டுப் புதிதாக வந்ததைச் சேர்க்க வேண்டும். இப்போதைக்கு என் பட்டியலில் மேலே இருப்பது பணம் கட்டுவது. இளநீர்க் கடை முதல் ஆட்டோ வரை எல்லா இடத்திலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. கெஸ்ட்டின் வெளிநாட்டு கார்டு அங்கே வேலை செய்யாது, கையில் சில்லறையும் இருக்காது. ஏன் வேலை செய்யவில்லை, பக்கத்தில் ஏ.டி.எம். எங்கே, இப்போதைக்கு டிரைவர் கட்டிவிட்டு அறைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் வெயிலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். இதற்கான அட்டைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். கெஸ்ட் அட்டையில் "கையில் இருப்பது ஐநூறு யூரோ நோட்டு மட்டும்" என்று போடலாமா என்று யோசனை.